நாலு பேர் இருக்கும் தொழிலுக்கு ஏஐ எதுக்கு ஆகும்? (வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லவும்)

#1 உதிரிக்கடை

வணக்கம். பம்பு, மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி விற்கிறோம். நான், தம்பி, கணக்கு எழுதும் அக்கா, குடோனில் ஒரு பையன். அவ்வளவுதான் நிறுவனம். கொஞ்ச நாளாக வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து "ஏஐ வைக்கலாமா சார்" என்கிறார்கள். ஒருவருடைய டெமோ நன்றாக இருந்ததால் ஒரு மாதம் சோதனைக்கு வாங்கினோம். சரக்கோடு வரும் டெலிவரி சீட்டைப் போனில் படம் எடுத்தால், அதுவே படித்து ஸ்டாக்கில் ஏற்றிவிடும்.

முதல் வாரம் அருமை. இரண்டாவது வாரம் மெக்கானிக்கல் சீல் வந்தது. சீட்டில் சப்ளையர் கையால் "சீல் 10 பெ" என்று எழுதியிருந்தார். பெ என்றால் பெட்டி, ஒரு பெட்டிக்கு 12. எங்கள் பையனுக்கே தெரியும். ஏஐ அதை 10 எண்ணம் என்று ஏற்றிவிட்டது. ஒரு சந்தேகக் குறிகூடப் போடவில்லை. மூன்று நாள் கழித்து ஸ்டாக் மைனஸ் 4 என்று வந்தபோதுதான் அக்கா பிடித்தார். அலமாரியில் எண்ணினால் 106 சீல் உட்கார்ந்திருக்கிறது.

விற்றவரிடம் கேட்டால் "போகப் போகக் கத்துக்கும் சார்" என்கிறார். நிஜமாகவே கற்றுக்கொள்ளுமா? எங்கள் அளவுக்கு இது கட்டுபடியாகுமா? மூன்றாவதாக ஒன்று, கொஞ்சம் பெரிய கேள்வி. இதையெல்லாம் எங்கோ யாரோ செய்கிறார்கள். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று அவர்கள் காதில் போட வழி இருக்கிறதா, இல்லை கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?

#2 நட்டும்போல்ட்டும்

பையனுக்கே தெரிகிற விஷயத்துக்கு எதற்கு சார் மாதச் சந்தா? அந்தக் காசைப் பையன் சம்பளத்தில் போடுங்கள்.

#3 பழையகணினி

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். ஏஐ விற்பவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"போகப் போகக் கத்துக்கும்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஏஐக்கு உள்ளே வேலை செய்யும் நிரலை மாடல் என்பார்கள், அதற்குப் பயிற்சி ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் தினமும் பயன்படுத்துவதால் உள்ளே எதுவும் மாறுவதில்லை. திரையில் 10 என்பதை அழித்துவிட்டு 120 என்று திருத்தினீர்களே, அந்தத் திருத்தம் எங்கே போகிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். உங்கள் ஸ்டாக்கில் மட்டும் மாறி அதோடு முடிந்திருக்கலாம். உங்கள் கணக்கில் "இந்த சப்ளையர் எழுதும் பெ என்றால் பெட்டி" என்று ஒரு குறிப்பாகச் சேர்ந்து, அடுத்த முறை சீட்டோடு சேர்த்து மாடலுக்குக் காட்டப்படலாம். அல்லது அவர்கள் எல்லாருடைய திருத்தங்களையும் சேர்த்து வைத்து அடுத்த பதிப்புக்குப் பயிற்சி கொடுக்கலாம். மூன்றும் வேறு வேறு. எது என்று சொல்லத் தெரியாதவர் விற்பனையாளர் மட்டும்தான், அவர் நிறுவனத்தில் இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேளுங்கள்.

சரி, ஏன் தப்பாகப் படித்தது? "பெ" என்பது உலகத்துக்குத் தெரிந்த சுருக்கம் இல்லை. உங்களுக்கும் அந்த சப்ளையருக்கும் நடுவில் உள்ள சங்கதி. மாடல் தன் பயிற்சியில் பார்த்தவற்றில் எது பொருந்தும் என்று பார்த்து நிரப்பும். "தெரியவில்லை" என்று சொல்ல நாம் இடம் வைக்காவிட்டால் அது சொல்லாது, நிரப்பிவிடும்.

செய்ய வேண்டியது: உங்கள் பொருள் பட்டியலை, எது எண்ணத்தில் வரும், எது பெட்டியில் வரும், பெட்டிக்கு எத்தனை என்பதோடு அதற்குக் கொடுங்கள். அளவு, அலகு இரண்டையும் தனித்தனிக் கட்டமாகக் கேளுங்கள். அலகு தெளிவாக இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அதற்கு மேலே ஒரு பூட்டு: அளவை விலையால் பெருக்கினால் தொகை வருகிறதா என்று சாதாரணக் கணக்கில் சரிபார்த்து, வராவிட்டால் ஏற்றாமல் நிறுத்த வேண்டும். இந்தப் பெருக்கலை ஏஐயிடம் கொடுக்காதீர்கள். எக்செல் போதும்.

#4 உதிரிக்கடை

நல்ல யோசனை அண்ணா, ஆனால் டெலிவரி சீட்டில் விலையே இருக்காது. பில் இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

#5 கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஆர்டரோடு ஒப்பிடுங்கள் தம்பி. ஆர்டர், டெலிவரி சீட்டு, பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது பேரேடு காலத்துப் பழக்கம். நீங்கள் 10 பெட்டி ஆர்டர் போட்டிருந்தால் 10 எண்ணம் என்று வரும்போதே மணி அடித்திருக்க வேண்டும். சாப்ட்வேர் அடிக்கவில்லை என்றால் அவர்கள் உங்கள் வேலையில் ஒரு துண்டை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

நான் பல சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். என் அனுபவம் கலவையாகத்தான் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவருக்கு எழுதும் நினைவூட்டல் கடிதம், அதிலும் மூன்றாவது முறை கேட்கும்போது கோபமும் தெரியாமல் குழைவும் இல்லாமல் எழுத வேண்டுமே, அதற்கு ஏஐ நன்றாக உதவுகிறது. வங்கி அறிக்கையில் உள்ள வரிகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கவும் பரவாயில்லை. ஆனால் வரி விகிதம், விதி எண் இவற்றை அதன் வாயிலிருந்து வாங்கமாட்டேன். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதி, அவை எதுவுமே இல்லாத வழக்குகள் என்று தெரிந்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வழக்கறிஞர்களுக்கே அந்த கதி.

எனக்கு உள்ள பெரிய குறை வேறு. அது செய்ததைச் சரிபார்க்க ஆகும் நேரமும் நானே செய்ய ஆகும் நேரமும் சில நாள் ஒன்றாகவே இருக்கிறது. என்ன மிச்சம்?

#6 அளவுகோல்

கணக்குப்பிள்ளை அக்கா சொன்னதற்கு இரண்டு ஆய்வுகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, 2023-ல் பிரின்யோல்ப்சன், லி, ரேமண்ட் மூவரும் வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரைப் பார்த்தார்கள். ஏஐ பதில் எடுத்துக்கொடுத்தபோது ஒரு மணி நேரத்தில் தீர்த்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 சதவீதம். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அனுபவசாலிகள் பேசும் விதத்தை மாடல் பிடித்துப் புதியவர் கையில் கொடுக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இன்னொன்று 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு செய்தது. 16 பேர்தான், ஆனால் எல்லாரும் கைதேர்ந்த மென்பொருள் எழுத்தாளர்கள், தங்களுக்கு நன்றாகப் பழகிய நிரல்களில் வேலை செய்தவர்கள். ஏஐயோடு செய்த வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால் வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே சொன்னார்கள்.

அதனால் "வேகமாக இருக்கிற மாதிரி தெரிகிறது" என்பதை நம்பவே கூடாது. கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள், சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்து.

#7 நட்டும்போல்ட்டும்

ஆக அனுபவம் உள்ளவனுக்கு ஆகாது. இதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

#8 ஊசிநூல்

நீங்கள் சொன்னது பையன் சம்பளத்தைப் பற்றி 🙂

என் கதையைக் கேளுங்கள். தைத்த துணிகளை இணையத்தில் விற்கிறேன், தனி ஆள். இரவில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் வைத்தேன். எங்கள் விதிப்படி 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அளவு மாற்றித் தைத்துக் கொடுத்ததைத் திருப்ப முடியாது. ஒரு வாடிக்கையாளர் நள்ளிரவில் பொறுமையாக அதனிடம் பேசியிருக்கிறார். "30 நாளுக்குள் எதையும் திருப்பலாம், நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வோம்" என்று அது வாக்குக் கொடுத்திருக்கிறது. 30 நாள் எங்கிருந்து வந்தது? நான் எங்கும் எழுதவே இல்லை. பெரிய தளங்களின் விதிகளை நிறையப் பார்த்து வளர்ந்தது அல்லவா, எல்லாக் கடையும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார். இடுப்பளவு மாற்றிய துணி, இன்னொருவருக்கு விற்க முடியாது. திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த பாட் திருப்புதல் பற்றிக் கேட்டால் நான் எழுதிவைத்த பத்தியை எழுத்து மாறாமல் காட்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் "காலையில் நேரில் பதில் சொல்கிறேன்" என்று முடித்துக்கொள்ளும்.

#9 சட்டப்புள்ளி

திரும்ப வாங்கிக்கொண்டது நல்லதுதான் ஊசிநூல். வழக்கு என்று போயிருந்தால் "பாட் சொன்னது, நான் சொல்லவில்லை" என்பது எடுபடுவது கடினம். ஏர் கனடா விவகாரம் இதே கதை. உறவினர் இறந்த துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று அவர்கள் சாட்பாட் ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி உருப்படி என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதைத் தள்ளிவிட்டு, 800 கனடிய டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சொன்னது. அது அந்த நாட்டுத் தீர்ப்புதான், ஆனாலும் வாதம் எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்துவிட்டது. விமான நிறுவனத்துக்கு அந்தத் தொகை ஒரு தூசு. நமக்கு அப்படி இல்லை.

உதிரிக்கடை, சோதனை மாதம் முடிவதற்குள் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். முதலில் தேட வேண்டியது, நீங்கள் ஏற்றும் சீட்டுகளை அவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பது. பல சேவைகளில் இலவசப் பதிப்புக்கு ஒரு விதி, நிறுவனப் பதிப்புக்கு வேறு விதி. 2023-ல் சாம்சங் பொறியாளர்கள் உள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டது தெரிந்து, அந்த நிறுவனம் பணிக் கணினிகளில் இத்தகைய கருவிகளையே தடை செய்தது. உங்களிடம் ரகசிய நிரல் இருக்காது, ஆனால் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்பது இருக்கிறது. அதற்குச் சமமான ரகசியம்தான்.

அப்புறம் தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற பத்தி. பெரும்பாலும் "நீங்கள் கட்டிய சந்தாவுக்கு மேல் எங்கள் பொறுப்பு இல்லை" என்று இருக்கும், அதை மாற்றுவது கஷ்டம். ஆனால் விலகும்போது உங்கள் தரவை எக்செல்லாகத் திருப்பித் தர வேண்டும், மாடலை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் கேட்டால் பலர் எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

#10 உதிரிக்கடை

மாடலை மாற்றுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதாவது நான் இன்று சோதித்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால், அடுத்த மாதம் உள்ளே இருப்பது வேறு சரக்காக இருக்கலாம்?

#11 பழையகணினி

ஆமாம். பெயர்ப்பலகை அதேதான், உள்ளே சமையற்காரர் மாறியிருப்பார்.

#12 உதிரிக்கடை

அப்படியானால் என் மூன்றாவது கேள்விக்கு வாருங்கள். யாராவது நம்மைக் கேட்கிறார்களா?

#13 நட்டும்போல்ட்டும்

யானை போகும் பாதையை எறும்பிடம் கேட்டுத்தான் போடுவார்களாம்.

#14 சட்டப்புள்ளி

எறும்பு சில இடத்தில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் தடை செய்யப்பட்ட பயன்பாடுகளுக்கு உச்ச அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம். பெரிய நிறுவனத்துக்கு இரண்டில் எது அதிகமோ அது. சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு எது குறைவோ அது. ஒரே ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் யூரோ விற்கும் நிறுவனத்துக்குக் கணக்குப் போடுங்கள், 3.5 கோடி எங்கே, 70,000 எங்கே. புதிய ஏஐ பொருளை அதிகாரிகளின் கண்காணிப்பில் சோதித்துப் பார்க்கும் சோதனைக் களங்களில் சிறியவர்களுக்கு முன்னுரிமையும் உண்டு, பொதுவாகக் கட்டணமும் கிடையாது. இந்தச் சட்டம் பேசப்பட்ட காலம் முழுக்க ஐரோப்பிய டிஜிட்டல் எஸ்எம்இ கூட்டமைப்பு போன்ற சிறுதொழில் அமைப்புகள் எழுதிக்கொண்டே இருந்தன.

ஆனால் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தரநிலைகள். சட்டம் "போதுமான துல்லியம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். போதுமானது என்றால் எவ்வளவு, அதை எப்படி அளப்பது என்பதெல்லாம் தரநிலைக் குழுக்களில்தான் எழுதப்படும். உலக அளவில் ஐஎஸ்ஓ, ஐஈசி என்ற இரண்டு தர அமைப்புகளும் சேர்ந்து ஏஐக்காக 2017-ல் அமைத்த துணைக்குழு 42 இருக்கிறது. ஏஐ நிர்வாகத்துக்கான 42001 என்ற தரநிலை 2023 டிசம்பரில் அங்கிருந்துதான் வந்தது. இந்தக் குழுக்களில் உட்கார ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கூட்டத்துக்குப் போய்வரச் செலவு செய்ய வேண்டும். பெரிய நிறுவனம் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும். நாலு பேர் நிறுவனத்தில் ஒருவர் போனால் குடோனைப் பூட்ட வேண்டியதுதான். அதனால்தான் ஐரோப்பாவில் ஸ்மால் பிசினஸ் ஸ்டாண்டர்ட்ஸ் என்று 2013-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, சிறுதொழில்களின் சார்பில் வல்லுநர்களை இந்தக் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் தேசியத் தர அமைப்பு வரைவுகளைப் பொதுக் கருத்துக்கு வைக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அனுப்புபவர்கள் குறைவு.

#15 கணக்குப்பிள்ளை

42001 என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தரச் சான்றிதழ் கதை இப்படித்தான் தொடங்கியது. முதலில் விருப்பம் இருந்தால் என்றார்கள். அப்புறம் பெரிய நிறுவனங்கள் "சான்றிதழ் இல்லாவிட்டால் உங்களிடம் வாங்கமாட்டோம்" என்றன. என் வாடிக்கையாளர் ஒருவர் சான்றிதழுக்காக எழுதிய கோப்புகள் ஓர் அலமாரி முழுக்க இருக்கின்றன. அதை இன்றுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை, பல்லிதான் குடியிருக்கிறது.

சான்றிதழ் வேண்டாம், சிந்திக்க ஒரு கையேடு போதும் என்பவர்கள் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட ஏஐ இடர் மேலாண்மைக் கட்டமைப்பைப் பாருங்கள். இலவசம், கட்டாயம் இல்லை. எல்லா அளவு நிறுவனங்களுக்கும் என்று எழுதியதுதான், நான் அதை இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறேன்: யார் பொறுப்பு, எங்கே பயன்படுத்துகிறோம், தப்பை எப்படி அளக்கிறோம், தப்பு வந்தால் என்ன செய்வோம். கடைசிக் கேள்விக்கு ஊசிநூல் பதில் வைத்திருக்கிறார். உதிரிக்கடையில் முதல் கேள்விக்கே பதில் இல்லை என்று நினைக்கிறேன். பையன் படம் எடுக்கிறான், ஏஐ ஏற்றுகிறது. யார் கையெழுத்து?

#16 உதிரிக்கடை

உண்மை. யாரும் இல்லை.

#17 பழையகணினி

குழுவெல்லாம் தூரத்து விஷயம், அதற்கும் கையில் ஏதாவது இருந்தால்தான் பேச முடியும். என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். தப்புப் பதிவேடு.

நிஜமான 50, 60 சீட்டுகளை எடுங்கள். கசங்கியது, எண்ணெய்க் கறை படிந்தது, சாய்வாகப் படம் எடுத்தது எல்லாம் இருக்கட்டும், அழகானதை மட்டும் பொறுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை அக்கா கையால் எழுதட்டும். அதுதான் உங்கள் கேள்வித்தாள். விற்பவரிடம் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் அதே 60-ஐ ஓட்டுங்கள். அவர்கள் "99 சதவீதத் துல்லியம்" என்று சொன்னால் யாருடைய சீட்டில் என்று கேட்கலாம். உங்களிடம் எண் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். விற்பனையாளர் போனைப் பொறியாளரிடம் கொடுப்பார்.

இதில் மாற்று வழியும் ஒரு பலம். எடையை, அதாவது பயிற்சியில் மாடல் கற்றதை வைத்திருக்கும் எண்களை, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய மாடல்கள் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் வந்த மிஸ்ட்ரல் 7பி மாதிரியானதில் அந்த எண்களை 4 பிட்டாகச் சுருக்கினால் 4 ஜிபியைச் சுற்றி வரும், சாதாரண மடிக்கணினியில் ஓடும், இணையமே வேண்டாம். படம் படிக்கும் சிறிய மாடல்களும் இப்போது உண்டு. உங்கள் வேலைக்கு அது போதாமலும் இருக்கலாம். ஆனால் அதே 60 சீட்டில் அது எத்தனை வாங்குகிறது என்று தெரிந்தால், மாதச் சந்தா எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியும்.

இன்னொன்று மொழி. கணினியில் வழக்கமான யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "க்" எழுத க ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6. மாடல்கள் எழுத்தைத் துண்டுகளாக்கும் விதமும் ஆங்கிலத்தை வைத்தே அமைந்ததால் அதே செய்தி தமிழில் கூடுதல் துண்டாகும். துண்டுக் கணக்கில் பணம் வாங்கும் சேவையில் நாம் கூடுதலாகக் கட்டுகிறோம். பேச்சிலும் அப்படித்தான். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மாடல் 2022-ல் வந்தது, 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குச் சேர்ந்து 1,17,000 மணிதான். மோசில்லா 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸில் யார் வேண்டுமானாலும் தங்கள் குரலைக் கொடுக்கலாம், தமிழும் உண்டு. "கேஸ்கட் ரெண்டு டஜன், புஷ் அரை டஜன்" என்று கடைக்காரர் பேசுவதைப் போன்ற தமிழ் அங்கே சேராவிட்டால், செய்தி வாசிப்பவர் தமிழ் மட்டும்தான் ஏஐக்குப் புரியும்.

#18 அளவுகோல்

ஒரே தொழிலில் உள்ள பத்துப் பேர் சேர்ந்து இந்தக் கேள்வித்தாளைப் போட்டால்? பத்து சப்ளையர் கையெழுத்து, 500 சீட்டு. ஒரு விற்பனையாளரும் ஒதுக்க முடியாது. தரநிலைக் குழுவுக்கு அனுப்பவும் இதைவிட நல்ல சான்று இல்லை.

#19 நட்டும்போல்ட்டும்

இதோ வந்துவிட்டது. என் கொள்முதல் விலையைப் போட்டிக்காரனிடம் காட்டச் சொல்கிறீர்கள்.

#20 சட்டப்புள்ளி

இந்த முறை நட்டும்போல்ட்டும் சொல்வது சரி. விலையைப் பகிரவே கூடாது. வியாபார ரகசியம் என்பது ஒரு பக்கம், போட்டியாளர்கள் விலைத் தகவலைப் பரிமாறுவது பல நாடுகளில் சட்டப்படியே சிக்கல். நடுவில் ஒரு மென்பொருள் இருந்தாலும் விடமாட்டார்கள். வாடகை நிர்ணயிக்கும் மென்பொருள் வழியாக வீட்டு உரிமையாளர்களின் தகவல் கலப்பதாகச் சொல்லி ரியல்பேஜ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. விலைக் கட்டம், தொகைக் கட்டம், சப்ளையர் பெயர், போன் எண் எல்லாவற்றையும் கருப்படித்துவிட்டுத்தான் பகிர வேண்டும். அதிர்ஷ்டவசமாக உங்கள் டெலிவரி சீட்டில் விலையே இல்லை!

#21 ஊசிநூல்

கருப்படிப்பதில் ஒரு எச்சரிக்கை. பிடிஎப்பில் கருப்புப் பெட்டி வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்து காப்பி செய்தால் வந்துவிடும். பேப்பரில் மார்க்கரால் அடித்துவிட்டு மறுபடி படம் எடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், விவரம் கேட்காதீர்கள்.

#22 உதிரிக்கடை (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டேன்.

60 சீட்டு. அக்கா இரண்டு மதியம் உட்கார்ந்து விடை எழுதினார். பொருள் பட்டியலும் பெட்டி விவரமும் கொடுத்து, தெரியாவிட்டால் காலியாக விடு என்று சொல்லி ஓட்டினோம். 47 முழுக்கச் சரி. 9 சீட்டில் கட்டத்தைக் காலியாக விட்டுக் கேள்வி கேட்டது. 4 தப்பு. அந்த நான்கில் மூன்று, அதே "பெ" சப்ளையர். நான்காவதில் 7-ஐ 1 என்று படித்தது, நானும் முதலில் 1 என்றுதான் படித்தேன்.

நேரம்: அக்கா தனியாக ஏற்றினால் இந்த அறுபதுக்கு 1 மணி 50 நிமிடம். ஏஐ படித்து, அவர் ஆர்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து ஏற்ற 1 மணி 5 நிமிடம். இப்போது அவர் டிக் அடிக்காமல் எதுவும் ஸ்டாக்கில் ஏறாது. கணக்குப்பிள்ளை அக்கா கேட்ட கையெழுத்து அவருடையதுதான், அதற்கு ஏற்ற மாதிரி சம்பளமும் கூட்டியிருக்கிறேன். பையனுக்கும்.

தப்பு நான்கையும், காலியாக விட்ட ஒன்பதையும் விற்றவருக்கு அனுப்பினேன். பழையகணினி சொன்னது நடந்தது. மறுநாள் ஒரு பொறியாளரே கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். திருத்தங்கள் இதுவரை எங்கள் கணக்கில்கூடச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அலகு தெரியாவிட்டால் நிறுத்தும் வசதியை எல்லா வாடிக்கையாளருக்கும் வைக்கப் போவதாகச் சொன்னார். மாடல் மாற்றினால் 15 நாள் முன்னால் மின்னஞ்சல் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். பயிற்சிக்கு எங்கள் சீட்டை எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தார்கள். பொறுப்புப் பத்தியை மட்டும் அசைக்க முடியவில்லை.

அந்த "பெ" விஷயம் எப்படித் தீர்ந்தது தெரியுமா? அக்கா சப்ளையருக்குப் போன் போட்டு "அண்ணா, பெட்டி என்று முழுசா எழுதுங்க" என்றார். எழுதுகிறார்.

#23 நட்டும்போல்ட்டும்

ஆக மிச்சமிருந்த தப்பில் முக்கால்வாசியைத் தீர்த்தது அக்காவின் போன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

#24 கணக்குப்பிள்ளை

அந்த போனைப் பண்ண வேண்டும் என்று தெரிந்ததே பதிவேட்டால்தான். அதையும் ஒன்றும் சொல்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

#25 உதிரிக்கடை

உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு: சேர்ந்து செய்யலாம் என்றால் எக்செல்லில் இந்தக் கட்டங்கள் போட்டிருக்கிறேன். சீட்டு எண் (நாமே கொடுப்பது), கையெழுத்தா அச்சா, பொருள், அளவு, அலகு, பெட்டிக்கு எத்தனை, ஏஐ என்ன படித்தது, சரியா, தப்பா, காலியா. விலை கிடையாது. நூறு சேர்ந்ததும் தர அமைப்பின் கருத்துக் கேட்பு எப்போது திறக்கிறது என்று சட்டப்புள்ளி பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை 60.

#26 நட்டும்போல்ட்டும்

22 சீட்டு தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஏஐயிடம் கொடுத்துப் பார்க்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை, விடை மட்டும் எழுதியிருக்கிறேன். பெயரெல்லாம் மார்க்கரால் அடித்தாயிற்று. ஒன்று தலைகீழாகப் படம் எடுத்துவிட்டேன், திருப்பி எடுத்து அனுப்பவா?

#27 உதிரிக்கடை

வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும். எங்கள் பையனும் பாதி நாள் தலைகீழாகத்தான் எடுக்கிறான்.